பல்வலி எவ்வளவு கடுமை? அவசர சிகிச்சைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அவசரப் பல் சிகிச்சைக்கு வருபவர் வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்து வருவதற்குள், எதுவும் கேட்காமலே எங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். கன்னத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறாரா, முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதா, எச்சிலை விழுங்குகிறாரா அல்லது துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறாரா என்று பார்த்துவிடுவோம். மீதிப் பாதிக்குத்தான் கேள்விகள். வலியில் துடிக்கும்போது அவை எரிச்சலூட்டும் என்பது தெரியும். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்தால் பதில் சொல்வது கொஞ்சம் எளிதாகும் என்ற எண்ணத்தில், ஒரு பல் மருத்துவராக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

வலிக்கு 0 முதல் 10 வரை எண் கொடுக்கச் சொல்கிறீர்களே, அதனால் என்ன பயன்?

காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கிறது. வலியை அளக்க அப்படி ஒன்றும் இல்லை. வலியை உணர்கிறவர்தான் அதை அளக்கும் கருவி. அதனால் கேட்கிறோம். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் நீங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி. பொதுவாக 1 முதல் 3 வரை லேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை என்று வைத்துக்கொள்கிறோம். சில இடங்களில் எண்ணுக்குப் பதிலாக 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைக் கொடுத்து, வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று அதில் குறிக்கச் சொல்வார்கள். எண்ணும் கோடும் பிடிக்காதவர் "லேசா", "நல்லா வலிக்குது", "தாங்க முடியல" என்று சொன்னால்கூடப் போதும்.

உங்கள் எண்ணை அடுத்த நாற்காலியில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிட முடியாது. அவருடைய 6-ம் உங்களுடைய 6-ம் ஒன்றல்ல. உங்கள் காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிடும்போதுதான் அதற்குப் பொருள் வருகிறது. வந்தபோது 8 சொன்னவர் சிகிச்சைக்குப் பிறகு 5 என்றால் உண்மையான நிம்மதி கிடைத்திருக்கிறது. 8 என்பது 7 ஆனால் நாங்கள் செய்தது போதவில்லை என்று எடுத்துக்கொள்வேன். ஏறக்குறைய 2 எண் அல்லது மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும்.

நான் 10 என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட மாட்டீர்களா?

மாட்டேன், நினைக்கவும் கூடாது. பார்க்கிறவர் மதிப்பிடும் வலி பெரும்பாலும் அனுபவிக்கிறவர் சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும். இது மருத்துவர்களிடம் உள்ள குறை, நோயாளிகளிடம் உள்ளதல்ல. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்தி வெளியிட்ட வரையறை, வலி எப்போதும் தனிப்பட்ட அனுபவம் என்றும், ஒருவர் தன் வலி பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும் தெளிவாகவே சொல்கிறது.

பல்வலி கடுமையாக இருப்பதற்கு உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. விரலில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் உண்டு. பல்லின் நடுவே இருக்கும் கூழுக்கு அது இல்லை. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த அந்த மென்மையான திசுவைச் சுற்றி நான்கு பக்கமும் கடினமான சுவர். உள்ளே அழற்சி வந்தால் அழுத்தம் போக வழியில்லாமல் நரம்பின் மீதே ஏறுகிறது. இதோடு இரண்டு இரவு தூக்கமில்லாமையும் பயமும் சேர்ந்தால் வலி இன்னும் கூடும். பயத்தால் கூடிய வலியும் பொய் வலி இல்லை, மூளை அதை வலியாகவே உணர்கிறது.

எண்ணை உயர்த்திச் சொன்னால்தான் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எண் பெரிதாக இருந்தால் என்னைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வலியின் கடுமை வேறு, ஆபத்து வேறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் மதிப்பிடுகிறோம்.

பல்கூழ் அழற்சியில் ஒருவர் 10 சொல்வார், அந்த வலி உண்மை. ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் அவர் உயிருக்கு அதனால் ஆபத்து வரப்போவதில்லை. இன்னொருவர் "வலி பரவாயில்லை, 3 இருக்கும், தாடைக்கு அடியில்தான் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது" என்பார். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க வராது. நாக்கு மேலே தூக்கியிருக்கும், குரல் மாறியிருக்கும். 1836-ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் தொற்று இப்படித்தான் தொடங்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கிளம்பும் கிருமித் தொற்று நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் இருபுறமும் பரவி, மூச்சுப் பாதையை அடைத்துவிடும். அந்த 3 சொன்னவரைத்தான் நான் முதலில் பார்ப்பேன், பல் நாற்காலியில் வைத்திருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புவேன்.

விழுந்து அடிபட்டு நிரந்தரப் பல் வேரோடு வெளியே வந்துவிட்ட சிறுவனைப் பாருங்கள். பெரிதாக வலிக்கக்கூட வலிக்காது. ஆனால் அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கு இருந்தால் சில நொடி மட்டும் கழுவி, அதே குழியில் உடனே பொருத்திவிடுவதுதான் சிறந்தது. முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து வர வேண்டும். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பிழைப்பது அரிது. பால் பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு அது கெடுதல்.

அப்படியானால் கடும் வலியோடு இருப்பவர் காத்துக்கிடக்க வேண்டியதுதானா? இல்லை. வரிசையில் பின்னால் இருந்தாலும் வலியைக் குறைக்கும் மருந்தை அப்போதே கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வெறுமனே உட்கார வைப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

எப்போது நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, நாக்குக்கு அடியில் வீக்கம், கண் மூடும் அளவுக்கு ஏறும் வீக்கம், கழுத்துப் பக்கம் இறங்கும் வீக்கம், வாய் திறக்கவே வராத நிலை, வீக்கத்தோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமான பேச்சும், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தப்போக்கு, முகத்தில் பலத்த அடி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களும், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் சிறிய வீக்கத்தையும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

"எப்படி வலிக்கிறது" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வலி வலிதானே?

எண் வலியின் அளவைச் சொல்லும், சொல் அதன் குணத்தைச் சொல்லும். 1975-ல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், நோயாளிகள் வலியை விவரிக்கப் பயன்படுத்தும் சொற்களையே தொகுத்து மெக்கில் வலி வினாத்தாளை வெளியிட்டார். குத்துவது, எரிவது, துடிப்பது என்று சொற்கள் மாற மாற நோயும் மாறுகிறது என்பதுதான் அதன் அடிப்படை. தமிழில் வலிக்கு இருக்கும் சொற்களைக் கேட்கும்போது, பல் மருத்துவருக்கு இதைவிட நல்ல உதவி வேண்டாம் என்று எனக்குத் தோன்றும்.

"குளிர்ந்த தண்ணி பட்டா சுள்ளுன்னு கூசுது" என்றால் பல்லின் வேகமான நரம்பிழைகள் பேசுகின்றன. பெரும்பாலும் கூழ் இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும். "விண்விண்ணுன்னு தெறிக்குது, நாடித் துடிப்போட சேர்ந்து வலிக்குது" என்றால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. "குடையுது, காது வரைக்கும் இழுக்குது" என்பது மெதுவான, ஆழத்து நரம்பிழைகளின் வேலை, அழற்சி முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். "அந்தப் பல் மட்டும் உயர்ந்துட்ட மாதிரி இருக்கு, எதிர்ப்பல் பட்டாலே உயிர் போகுது" என்றால் தொற்று வேர் நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் வந்திருக்கும். "கடிக்கும்போது இல்ல, கடிச்சுட்டு விடும்போது வெட்டுது" என்று ஒருவர் சொன்னால் பல்லில் விரிசல் தேடத் தொடங்குவேன். பல் பிடுங்கிய மூன்றாம் நாள் "எலும்பே வலிக்குது, வாய் நாறுது" என்று வந்தால், குழியிலிருந்த ரத்தக் கட்டி போய்விட்டதா என்று பார்ப்பேன்.

இவை திசைகாட்டிகள்தான், தீர்ப்பு இல்லை. அதனால்தான் சோதனையும் தேவைப்படுகிறது. ஆனாலும் மருத்துவச் சொற்களைத் தேடிப் படித்துவிட்டு வந்து சொல்வதைவிட, வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். அதில்தான் செய்தி அதிகம்.

குளிர் பட்ட பிறகு எத்தனை நொடி வலி நிற்கிறது என்று ஏன் எண்ணச் சொல்கிறீர்கள்?

பல்லை அப்படியே காப்பாற்றலாமா, வேர் சிகிச்சை வேண்டுமா என்பதைப் பிரிக்கும் கேள்வி இது. குளிர் பட்டவுடன் வலித்து, குளிரை எடுத்ததும் சில நொடியில் அடங்கினால், கூழ் எரிச்சலில் இருக்கிறது, ஆனால் மீளும். சொத்தையை எடுத்து அடைத்தால் போதும் என்று நம்பலாம். குளிரை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி இழுத்துக்கொண்டே போனால், கூழ் தானாக மீளாது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

தூக்கத்தையும் கேட்போம். எதுவும் படாமலே தானாக வரும் வலி, இரவில் எழுப்பிவிடும் வலி, படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் வலி, இவையும் மீளாத அழற்சியின் பக்கமே கை காட்டும். படுக்கும்போது தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் அடைபட்ட கூழில் வலி ஏறுகிறது. சூடான பானம் பட்டால் துடித்து, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் அடங்குகிறது என்று சிலர் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே பல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எந்தப் பல் என்றே சொல்லத் தெரியவில்லை. தவறாகச் சொல்லிவிட்டால்?

தெரியாமல் இருப்பது இயல்பு. கூழுக்குள் வலி நரம்புகள் உண்டு, இடத்தைச் சரியாகக் காட்டும் உணர்வு இல்லை. மேல் பல்லின் வலி கீழே தெரியும், கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதில் தெரியும். ஆனால் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவது அரிது, அதனால் இடமா வலமா என்று தெரிந்தாலே பெரிய உதவி. தொற்று வேர் நுனிக்கு வெளியே வந்த பிறகு நீங்களே விரலை வைத்துக் காட்டிவிடுவீர்கள்.

ஏற்கெனவே வலிக்கிறது. அதில் தட்டியும் குளிர் வைத்தும் ஏன் வதைக்க வேண்டும்?

தவறான பல்லைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக. முதலில் நல்ல பல்லில்தான் சோதிப்போம், உங்களுக்கு இயல்பான உணர்வு எது என்று இருவருக்கும் தெரிய வேண்டும். பிறகு சந்தேகமுள்ள பல்லில் குளிர் வைப்பது, மெல்லத் தட்டுவது, ஈறை அழுத்துவது, கடிக்கச் சொல்வது. நல்ல மருத்துவர் "இப்போது வலிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். குளிருக்கு எந்த உணர்வும் இல்லாத பல், துடிக்கும் பல்லைவிட நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம். கூழ் செத்திருக்கலாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றால் வலியும் இல்லை என்று ஆகுமா?

ஆகாது. எலும்பில் கணிசமான அளவு தாது கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் நிழல் விழும். வலி அதற்கு முன்பே தொடங்கிவிடும். கூழின் அழற்சியும் பல விரிசல்களும் எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை.

வருவதற்கு முன் மாத்திரை போட்டால் வலி மறைந்து, சோதனை தவறாகிவிடுமோ?

சோதனைக்காக வலியைத் தாங்கிக்கொண்டு வர வேண்டாம். ஆனால் என்ன போட்டீர்கள், எத்தனை, எத்தனை மணிக்கு என்று சரியாகச் சொல்லுங்கள், முடிந்தால் அட்டையையே கொண்டு வாருங்கள். மாத்திரை போட்ட பிறகு நீங்கள் சொல்லும் 4 வேறு, போடாமல் சொல்லும் 4 வேறு.

அட்டையைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்வலி தாங்காமல் பாராசிட்டமாலை எண்ணாமல் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. கல்லீரல் நோய் உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்துபவர்கள், எடை மிகக் குறைந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அளவு மீறிப் போட்டிருந்தால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனை. கல்லீரல் பாதிப்பு தாமதமாகத்தான் வெளியே தெரியும்.

வேறு தடை இல்லாத பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து, தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகப் பல்வலியைக் குறைக்கும். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரூஃபன் போடக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்குப் பக்கத்தில் ஈறில் அடக்கி வைக்காதீர்கள், வலி குறையாது, ஈறு வெந்துபோகும். ஆன்டிபயாடிக் பற்றியும் ஒரு வார்த்தை: கூழ் அழற்சி வலியை அது குறைக்காது. வீக்கமும் காய்ச்சலுமாகத் தொற்று பரவும்போதுதான் அதற்கு வேலை.

நேற்று வரை உயிர் போன வலி இன்று காலை நின்றுவிட்டது. வரத் தேவையில்லைதானே?

வாருங்கள். சிகிச்சை இல்லாமல் அப்படி நின்றால், பெரும்பாலும் கூழ் இறந்துவிட்டது, அல்லது சீழ் எங்கோ வழி கண்டுபிடித்து வெளியேறுகிறது. 9 என்பது 0 ஆனது குணம் அல்ல, நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது.

குழந்தையிடமும் நினைவு மங்கிய முதியவரிடமும் எண் கேட்க முடியாதே?

மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, 1980-களில் டோனா வோங்கும் கோனி பேக்கரும் உருவாக்கிய ஆறு முகப் படங்களைக் காட்டுவோம். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை இருக்கும். தன் வலி எந்த முகம் என்று குழந்தைதான் தொட வேண்டும். பெற்றோர் அவசரப்பட்டுக் கைகாட்டிவிடுவார்கள், தயவுசெய்து காத்திருங்கள். இன்னும் சிறிய குழந்தையிடம் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை கொடுத்துக் கூட்டுவோம்.

நினைவிழப்பு நோய் உள்ள முதியவரிடமும் இப்படிக் கவனித்துத்தான் அறிய வேண்டும்: மூச்சு, முனகல், முகச் சுளிப்பு, உடலின் இறுக்கம், ஆறுதலுக்கு அடங்குகிறாரா. ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் சொல்வதைத்தான் நான் அதிகம் நம்புவேன். நேற்று வரை ஒழுங்காகச் சாப்பிட்டவர் இன்று தட்டைத் தள்ளுகிறாரா? பொய்ப்பல்லை மாட்ட மறுக்கிறாரா? ஒரு பக்கமாகவே மெல்லுகிறாரா? முகத்தைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாரா? பிடிவாதம் என்று நாம் நினைத்தது பல்வலியாக இருக்கும். சொல்ல முடியவில்லை என்பதற்காக வலி இல்லாமல் போவதில்லை.

பல்லில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஆனால் வலிக்கிறது. பிறகு எங்கிருந்து வருகிறது?

இதயத்தை முதலில் நினையுங்கள். நடந்தாலோ படி ஏறினாலோ கீழ்த்தாடை வலித்து, நின்றால் குறைந்தால் அது பல் இல்லாமல் இருக்கலாம். வியர்வை, மூச்சுத்திணறல், மார்பு இறுக்கம் சேர்ந்தால் உடனே ஆம்புலன்ஸ். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, நெற்றிப்பொட்டும் வலித்தால் தாமதிக்கக் கூடாது. ரத்தக் குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே போய்விடும். முகம் கழுவினாலோ காற்றுப் பட்டாலோ மின்சாரம் தாக்கியதுபோல் சில நொடிகள் வெட்டும் வலி முக்கிளை நரம்பு வலியாக இருக்கலாம். குனிந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் பலவும் சேர்ந்து கனத்தால் சைனஸ். இவை தெரியாமல் நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் காரணம் தெரியாமல் பல்லைப் பிடுங்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

தொலைபேசியில் அழைக்கும்போது எதை முதலில் சொல்ல வேண்டும்?

வீக்கம், விழுங்குவது, மூச்சு, காய்ச்சல், வாய் திறப்பது. பிறகு எப்போது தொடங்கியது, தூங்க முடிந்ததா, என்ன மாத்திரை, வேறு என்ன நோய்கள். எண்ணைக் கடைசியில் சொன்னாலும் போதும்.

ஊசி போட்ட பிறகும் வலித்தால் சொல்லலாமா, பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

சொல்ல வேண்டும். அழற்சி முற்றிய கீழ்க் கடைவாய்ப் பல்லில், உதடு முழுக்க மரத்த பிறகும் பல் மட்டும் விழித்திருப்பது அடிக்கடி நடக்கும். எரிச்சலில் இருக்கும் நரம்பு எளிதில் அடங்காது. உங்கள் உடம்பு விசித்திரமானதும் இல்லை, நீங்கள் பயந்தாங்கொள்ளியும் இல்லை. பல்லைச் சுற்றியோ எலும்புக்குள்ளோ கூடுதலாக மருந்து செலுத்த வழிகள் இருக்கின்றன. தொடங்குவதற்கு முன்பே சைகை ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இடது கையைத் தூக்கினால் நான் கருவியை எடுத்துவிடுவேன், மறுபடியும் எண் கேட்பேன், அது இறங்கிய பிறகுதான் தொடர்வேன்.